பழைய மானிட்டர் எரியவில்லை: பவர் சப்ளை கோளாறை அறிகுறி வைத்துப் பிடிக்கும் முறை

பரணில் ஒரு பழைய எல்சிடி மானிட்டர் கிடக்காத வீடு குறைவு. 2003-லிருந்து 2010 வரை வந்த 15, 17, 19 அங்குல மானிட்டர்களைச் சொல்கிறேன். "அது செத்துப்போச்சு" என்று ஒரு நாள் துணி போட்டு மூடியிருப்பார்கள், அப்படியே கிடக்கும். என் மேசைக்கு வந்த அப்படிப்பட்ட மானிட்டர்களில் பாதிக்கு மேல் பேனல் நன்றாகவே இருந்தது. படுத்திருந்தது உள்ளே இருக்கும் சின்ன சப்ளை போர்டுதான். நூறு இருநூறு ரூபாய்ச் சாமானில் எழுந்து உட்கார்ந்து, இப்போது ஏதோ ஒரு கடையில் சிசிடிவி படம் காட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த வேலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பாரம் இல்லாமல், அதாவது கரண்ட் இழுக்க எதையும் கட்டாமல் இருக்கும் சப்ளையில் மீட்டர் காட்டும் வோல்ட்டேஜை நம்பக் கூடாது. 12 வோல்ட் என்று அழகாகக் காட்டும் அதே சப்ளை, திரைக்குப் பின்னால் விளக்கு பற்ற வேண்டிய அந்த அரை நொடியில் 8 வோல்ட்டுக்குச் சரிந்துவிடும். அதனால் எங்கே எவ்வளவு வருகிறது என்பதோடு, எப்போது சரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

சுருக்கமாக. 230 வோல்ட் ஏசி ஃபியூஸ் வழியாக வந்து பிரிட்ஜ் என்ற நான்கு டையோடு அமைப்பில் டிசி ஆகி, பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாகச் சேர்கிறது. அந்தப் பெரிய கெபாசிட்டர் பெரும்பாலும் 100 அல்லது 120 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), 400 அல்லது 450 வோல்ட். ஒரு சின்ன கண்ட்ரோல் ஐசி, மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச் டிரான்சிஸ்டரை நொடிக்குப் பல ஆயிரம் தடவை ஆன்-ஆஃப் செய்து அந்த 325-ஐ டிரான்ஸ்ஃபார்மருக்குள் தள்ளுகிறது. மறுபக்கம் ஷாட்கி என்ற வேகமான டையோடும் கெபாசிட்டர்களும் சேர்ந்து இரண்டு வோல்ட்டேஜ் தரும். ஒன்று 5 வோல்ட், மெயின் போர்டுக்கு. இன்னொன்று 12-லிருந்து 16 வோல்ட்டுக்குள் ஏதோ ஒன்று, திரை விளக்கின் இன்வெர்ட்டருக்கு. வோல்ட்டேஜ் ஏறிவிட்டதா இறங்கிவிட்டதா என்று டிஎல்431 என்ற ஐசி பார்த்து, பிசி817 மாதிரி ஆப்டோகப்ளர் (வெளிச்சத்தால் தகவல் கடத்தும் பாகம்) வழியாக முதல் பக்கத்துக்கு, அதாவது 325 வோல்ட் இருக்கும் பக்கத்துக்குத் தகவல் சொல்லும்.

நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் பேட்டரிப் பெட்டி. இது வேறு. மானிட்டருக்குள் இருக்கும் இன்வெர்ட்டர், பென்சிலைவிட ஒல்லியான டியூப் லைட்டுகளை எரியவைப்பதற்கு 12 வோல்ட்டை 600, 700 வோல்ட் ஏசியாக மாற்றும். பற்றவைக்கும் கணத்தில் ஆயிரத்தைத் தாண்டும். பழைய மானிட்டர்களில் பெரும்பாலும் சப்ளையும் இன்வெர்ட்டரும் ஒரே போர்டில் இருக்கும்.

திறப்பதற்கு முன்

ஒரு 60 வாட் குண்டு பல்பு, ஹோல்டர், இரண்டு நீள ஒயர். ஒயர் முனைகளில் நன்றாக மூடிய கிளிப் அல்லது புரோப். பிளக்கைப் பிடுங்கிய பிறகு பெரிய கெபாசிட்டரின் இரண்டு காலிலும் இந்தப் பல்பைக் கொடுங்கள். மினுக்கென்று ஒரு வெளிச்சம் வந்து அணையும். பிறகு மீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்யும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. போர்டின் செம்பு டிராக்கும் போகும், சில நேரம் கண்ணும் போகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஓடிக்கொண்டிருந்த சப்ளையைவிட செத்துப்போன சப்ளைதான் ஆபத்து. ஓடும் சப்ளையில் பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே இருப்பதை மானிட்டரே குடித்துத் தீர்த்துவிடும். ஐசி ஓடாத சப்ளையில் 325 வோல்ட்டைக் குடிக்க ஆளில்லை, நெடுநேரம் அப்படியே நிற்கும். "இதுதான் எரியவே இல்லையே" என்று கை வைப்பவருக்குத்தான் அடி விழும்.

இன்னொன்று. முதல் பக்கத்து மைனஸ் வேறு, வெளிவரும் பக்கத்து கிரவுண்டு வேறு. 325 வோல்ட்டை அளக்கக் கறுப்பு புரோப் பெரிய கெபாசிட்டரின் மைனஸில் இருக்க வேண்டும். 5 வோல்ட்டை அளக்க மெட்டல் ஷீட்டில் வைக்கலாம். மாற்றி வைத்துவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்று நல்ல பாகங்களைக் கழற்றிப்போட்டவர்கள் உண்டு. நானும் ஒருமுறை.

எந்த அசைவும் இல்லை, எல்இடியும் எரியவில்லை

சாக்கெட்டில் கரண்ட் வருகிறதா, பவர் கார்டு (ஒயர்) நல்லதா என்று வேறொரு கார்டு போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. சிரிக்காதீர்கள். மானிட்டரின் பின்னால் கார்டு செருகும் சாக்கெட்டின் கால்களில் ஈயம் விட்டுப்போவதும் அடிக்கடி நடக்கும். லென்ஸில் பார்த்தால் காலைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு கீறல் தெரியும்.

அடுத்தது ஃபியூஸ். பல போர்டுகளில் 3.15 ஆம்பியர் 250 வோல்ட் ஸ்லோ-ப்ளோ கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அது போன விதமே கதை சொல்லும். உள்ளே கம்பி ஒரு இடத்தில் மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், மெதுவாகக் களைத்துப் போயிருக்கிறது. கண்ணாடி முழுக்கக் கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் உள்ளே நேரடி ஷார்ட். கறுத்த ஃபியூஸுக்குப் பதில் புதியதை மட்டும் போட்டு பிளக் செருகினால் அதுவும் 'டப்'.

கறுத்திருந்தால் பார்க்க வேண்டியவை: பிரிட்ஜ், மாஸ்ஃபெட், பெரிய கெபாசிட்டர். மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே மீட்டர் இரண்டு பக்கமும் பீப் அடித்தால் அது போய்விட்டது. 4என்60, 6என்60, 7என்65 என்று ஏதாவது எழுதியிருக்கும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றி ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது ஷார்ட் ஆகும்போது சோர்ஸில் இருக்கும் அரை ஓமுக்கும் குறைவான கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டரையும், கேட் ரெசிஸ்டரையும், பல நேரம் கண்ட்ரோல் ஐசியையும் சேர்த்துக்கொண்டு போகும். எல்லாம் பார்க்காமல் புது மாஸ்ஃபெட் போட்டால் அது ஒரு நொடிகூட இருக்காது.

தெருவில் நியூட்ரல் அறுந்து பல வீடுகளில் ஒரே நேரம் பல்பும் ஃபேனும் போன நாளில் செத்த மானிட்டர் என்றால் வேறு மாதிரி பார்க்க வேண்டும். அப்போது லைனில் 300-க்கு மேலும் ஏறியிருக்கலாம். ஃபியூஸுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் பொட்டுக்கடலை உருண்டை தட்டையானது போல ஒரு வேரிஸ்டர் இருந்தால் அது வெடித்துப் பிளந்திருக்கும். பெரிய கெபாசிட்டரின் தலையும் உப்பியிருக்கும். இந்த மாதிரி மானிட்டரில் வேரிஸ்டர் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தால் பிழைத்தோம்.

புது ஃபியூஸ் போட்டபின் நேராக பிளக் செருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பை லைனில் சீரிஸாக வையுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பளிச்சென்று ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, பெரிய கெபாசிட்டர் நிரம்பிய வெளிச்சம் அது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, பிடுங்குங்கள். விட்டு விட்டு மினுக்கினால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பெரிய கெபாசிட்டரில் 325-ம் இருக்கிறது, ஆனால் வெளியே ஒன்றுமில்லை என்றால்? சப்ளையின் ஐசி விழிக்கவில்லை. அதை விழிக்கவைப்பது 325 வோல்ட்டிலிருந்து வரும் லட்சக்கணக்கான ஓம் ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர், பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்து தொடராக. காலப்போக்கில் அதில் ஒன்று ஓப்பன் ஆகும், அதாவது உள்ளே அறுந்துவிடும். பார்த்தால் கறுத்திருக்காது, வெளியே பளபளவென்று இருக்கும். ஒரு காலைத் தூக்கி அளந்தால்தான் தெரியும். ஐசியின் விசிசி காலில், அதாவது ஐசிக்குச் சப்ளை வரும் காலில் வோல்ட்டேஜ் பூஜ்யம் என்றால் முதல் சந்தேகம் இந்த ரெசிஸ்டர்மேல்.

எல்இடி மினுக்குகிறது, உள்ளே டிக் டிக் சத்தம்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் நிதானமாக, ஒரே தாளத்தில் மினுக்கினால் அது கோளாறு அல்ல. கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் வரவில்லை. விஜிஏ கேபிளைப் பாருங்கள். மங்கலாக, அவசர அவசரமாக, கூடவே 'டிக் டிக்' அல்லது 'கீச் கீச்' சத்தத்தோடு மினுக்கினால்தான் சப்ளை.

நடப்பது இதுதான். சிஆர்டி எனும் டப்பா மானிட்டர் காலத்திலிருந்து இருக்கும் யுசி3842 ஐசியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விசிசி 16 வோல்ட் ஏறினால் விழிக்கும், 10-க்குக் கீழே இறங்கினால் படுத்துவிடும். விழித்த பிறகு தனக்கு வேண்டியதை டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அது வந்து சேரும்வரை ஐசியைத் தாங்குவது ஒரு சின்ன கெபாசிட்டர். எல்சிடி மானிட்டர் ஐசிகளிலும் கதை இதேதான். விழிக்கிறது, தாங்க முடியவில்லை, படுக்கிறது, மறுபடி விழிக்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் ஒரு 'டிக்'.

காரணம் இரண்டு திசையில் இருக்கலாம். ஒன்று வெளிப்பக்கம் யாரோ அதிகமாக இழுக்கிறார்கள். இல்லை, ஐசியைத் தாங்க வேண்டியது தாங்கவில்லை.

மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் நின்று 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஆடாமல் நின்றால் சந்தேகம் மெயின் போர்டுக்கு நகர்கிறது. அதற்காக உடனே மெயின் போர்டைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம். இங்கேதான் பாரம் இல்லாத வோல்ட்டேஜ் ஏமாற்றும். 5 வோல்ட்டில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும், 12 வோல்ட்டில் பைக் இண்டிகேட்டரை விடப் பெரிய, காரின் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றையும் கட்டுங்கள். அந்தப் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். இதற்கும் சப்ளை அசையாமல் நின்றால் மெயின் போர்டில் ஷார்ட் தேடலாம். சரிந்தால் சப்ளைதான்.

கனெக்டரைப் பிடுங்கியும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் ஷாட்கி டையோடு ஷார்ட்டா என்று பாருங்கள். எஸ்பி560, எம்பிஆர்20100 மாதிரி. 5 அல்லது 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பிளக் இல்லாமல் ஓம் அளந்து பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால், டையோடின் ஒரு காலைத் தூக்கி மறுபடி அளக்க வேண்டும்.

இப்போது அந்தச் சின்ன கெபாசிட்டர். ஒரு 17 அங்குல மானிட்டர், டிக் டிக். வெளிப்பக்கத்தில் இரண்டு கெபாசிட்டர் உப்பியிருந்தது. ஆஹா என்று அந்தப் பக்கம் இருந்த ஐந்தையும் மாற்றினேன். டிக் டிக். டையோடு பார்த்தேன், ஆப்டோகப்ளர் மாற்றினேன், டிஎல்431 மாற்றினேன். டிக் டிக். மூன்றாவது நாள், ஹீட்சிங்குக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்த, பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிய 47 எம்எஃப்டி 50 வோல்ட் ஒன்றைக் கழற்றி அளந்தேன். 6 எம்எஃப்டி காட்டியது. தலை உப்பவில்லை, கசியவில்லை, கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. இத்தனை சின்னதில் இருந்த கொஞ்சம் திரவமும் ஹீட்சிங்கின் சூட்டில் சத்தமில்லாமல் காய்ந்துபோயிருந்தது. நான்கு ரூபாய்ச் சாமான். அன்றிலிருந்து எந்த சப்ளையைத் திறந்தாலும் விசிசி கெபாசிட்டரை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கேள்வி கேட்காமல் மாற்றிவிடுகிறேன்.

பத்துத் தடவை அமுக்கினால்தான் எரிகிறது

"காலையில ஆன் பண்ணா வராது சார், ஒரு கால் மணி நேரம் போராடணும். வந்துட்டா அப்புறம் ராத்திரி வரைக்கும் பிரச்சினை இல்ல." இதைச் சொல்லும்போதே நோய் தெரிந்துவிடுகிறது. வெளிப்பக்கத்து கெபாசிட்டர்கள்.

எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் காயக் காய அதன் உள்தடை, அதாவது இஎஸ்ஆர், ஏறும். சூடானால் அதே தடை இறங்கும். காலையில் ஆறிக் கிடக்கும்போது தாங்க முடியாதது, பத்துத் தடவை முயன்றதில் சூடேறித் தாங்கத் தொடங்குகிறது. அதனால் கோளாறு தானாகச் சரியானது போலத் தோன்றும். நாளுக்கு நாள் தடவை கூடிக்கொண்டே போய் ஒரு நாள் ஒரேயடியாக நின்றுவிடும்.

உறுதி செய்ய எளிய வழி ஹேர் டிரையர். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்களின் மேல் இரண்டு நிமிடம் சூடு காட்டி, உடனே பிளக் செருகி அமுக்குங்கள். முதல் அமுக்கிலேயே எரிந்தால் வழக்கு முடிந்தது.

ஆனால் மீட்டர் 5 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே என்பீர்கள். சாதா மீட்டர் சராசரியைக் காட்டும். நொடிக்குப் பல ஆயிரம் தடவை 4-க்கும் 6-க்கும் நடுவே அந்த லைன் துள்ளினாலும் மீட்டருக்கு 5-தான். மெயின் போர்டில் 5-ஐ 3.3 ஆக்கும் 1117 ரெகுலேட்டருக்குத் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் மிச்சம் வேண்டும். பள்ளம் 4.3-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் 3.3-ம் கூடவே சரியும், பிராசஸர் ரீசெட் ஆகும். இஎஸ்ஆர் மீட்டர் இருந்தால் இந்தச் சண்டையே இல்லை. நல்ல 1000 எம்எஃப்டி 25 வோல்ட் லோ-இஎஸ்ஆர் கெபாசிட்டர் 0.05 ஓமுக்குள் காட்டும். அரை ஓம், ஒரு ஓம் என்று காட்டினால் குப்பை. ஆன்லைனில் கிடைக்கும் மலிவான டிரான்சிஸ்டர் டெஸ்டரே இதற்குப் போதும், கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுச் செருகினால். செய்யாமல் செருகினால் டெஸ்டர் போகும்.

இந்த மானிட்டர்கள் ஏன் இப்படிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன? அதில் இரண்டு பங்கு உண்டு. 1999 வாக்கில் தொடங்கிச் சில ஆண்டுகள், தண்ணீர் கலந்த, தடுப்பு ரசாயனம் சரியாகச் சேர்க்காத எலக்ட்ரோலைட் கொண்ட கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் புழங்கின. உள்ளே அலுமினியத்தோடு வினை நடந்து ஹைட்ரஜன் சேர்ந்து தலை உப்பும். இன்னொரு பங்கு சூடு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய கெபாசிட்டருக்கு, 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது கணக்கு. 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம். நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் பிரௌசிங் சென்டரில் அது ஆறு வருஷம். ஏசி இல்லாத அறை, சித்திரை வெயில், அடைத்துக்கொண்ட காற்று ஓட்டை, அதனால் 75 டிகிரி என்றால் மூன்றே வருஷம்.

படம் வந்து இரண்டு நொடியில் இருட்டு

லோகோ வருகிறது, திரை அணைகிறது, எல்இடி மட்டும் பச்சையாக எரிந்துகொண்டே இருக்கிறது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக டெஸ்க்டாப் ஐகான்கள் தெரிந்தால் படம் இருக்கிறது, விளக்குதான் இல்லை. இன்வெர்ட்டர் ஏதோ ஒன்றைப் பார்த்து பயந்து தானாக நிறுத்திக்கொண்டிருக்கிறது.

பயந்ததற்கு நான்கு காரணம் இருக்கலாம். மலிவானதிலிருந்து வருகிறேன்.

12 வோல்ட் சரிவது. புரோப்பை இன்வெர்ட்டர் லைனில் வைத்துக்கொண்டே பட்டனை அமுக்கி, அந்த இரண்டு நொடி மீட்டரைப் பாருங்கள். 14.5 காட்டியது 10-க்கு விழுந்தால் கெபாசிட்டர். பழைய மானிட்டர்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்து, இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் டிரை சோல்டர். சூட்டில் விரிந்து சுருங்கி ஈயம் விட்டிருக்கும். எல்லாக் கால்களையும் ஒருமுறை புது ஈயம் வைத்துத் தொட்டுவிடுங்கள்.

மூன்றாவது, டிரான்ஸ்ஃபார்மரின் உயர் வோல்ட் சுற்றே அறுந்திருப்பது. பிளக் இல்லாமல் ஓம் அளந்தால் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் ஓம் பக்கம் காட்டும். சரியான எண் போர்டுக்குப் போர்டு மாறும், ஆனால் ஒரே போர்டில் இருக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்ட வேண்டும். ஒன்று 780, மற்றது ஓப்பன் என்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

நான்காவது டியூபே போவது. 2 அல்லது 4 டியூப் இருக்கும், ஒன்று நின்றாலும் எல்லாவற்றையும் அணைத்துவிடும். நிற்பதற்கு முன் பல மாதம் அறிகுறி காட்டியிருக்கும்: காலையில் திரை இளஞ்சிவப்பாக வந்து மெல்ல வெள்ளையாவது, ஓரம் பழுப்பாகத் தெரிவது. இந்தச் சிவப்புக்கும் சப்ளைக்கும் சம்பந்தமில்லை, கெபாசிட்டர் மாற்றிப் பயனில்லை. அதே அளவு நல்ல டியூபை பிங்க் ஒயர் கனெக்டரில் மாற்றிச் செருகி, ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. டியூபுக்குள் கொஞ்சம் பாதரசம் உண்டு, உடைத்துவிடாதீர்கள்.

இரண்டு நொடிகூட வரவில்லை, முதலிலிருந்தே இருட்டு, ஆனால் டார்ச்சில் படம் தெரிகிறது என்றால் இன்வெர்ட்டருக்குப் போகும் சின்ன ஃபியூஸைப் பாருங்கள். பல போர்டுகளில் 2எஸ்சி5707 என்ற டிரான்சிஸ்டர் நான்கு வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். ஒன்று போயிருந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

டியூப் கனெக்டரில் மட்டும் மீட்டரை வைக்காதீர்கள். 600 வோல்ட்தானே, மீட்டர் 750 தாங்குமே என்று கணக்குப் போட்டு ஒரு மீட்டரைச் சாகடித்திருக்கிறேன். அது 50 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வரும் வோல்ட்டேஜ். சாதா மீட்டர் 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டியது.

தொட்டால் ஜிவ்வென்கிறது

பின்பக்க மெட்டலையோ விஜிஏ கனெக்டரின் ஸ்க்ரூவையோ தொட்டால் விரலில் ஊசி ஊசியாக இருக்கும், லைன் டெஸ்டர் மங்கலாக எரியும். சப்ளை ஷார்ட் என்று பயந்து கொண்டுவருவார்கள். இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஆளுக்கொரு ஒய் கெபாசிட்டர் போட்டிருக்கும். வீட்டில் எர்த் இல்லாவிட்டால் மெட்டல் பாகம் லைன் வோல்ட்டேஜில் பாதியில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஜிவ்வென்று மட்டும் இருக்கும். மானிட்டரில் கோளாறு இல்லை. மூன்று பின் கார்டின் எர்த் பின்னை உடைத்துச் செருகியிருப்பார்கள், அல்லது பிளக் பாயிண்ட்டின் எர்த் ஓட்டையில் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய வேலை அது. விரல் ஜிவ்வென்பதைத் தாண்டி உதறித் தள்ளினால் மட்டும் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், அது உண்மையான லீக்கேஜ்.

சப்ளை போலத் தோன்றி சப்ளை அல்லாதவை

தானாக ஆன் ஆகி ஆஃப் ஆவது, மெனு தானாகத் திறப்பது: பட்டன் போர்டில் ஈரம் பட்ட டேக்ட் ஸ்விட்ச். வெள்ளைத் திரை மட்டும் வருவது: பேனலுக்குப் போகும் கேபிள் அல்லது மெயின் போர்டு. பிரைட்னஸைக் குறைத்தால் மட்டும் 'ம்ம்' என்று முனகுவது: விளக்கை வேகமாக அணைத்து அணைத்துக் குறைக்கும் முறையின் சத்தம், 100-ல் வைத்தால் நிற்கும். இதற்காகத் திறக்க வேண்டாம்.

அடாப்டர் வெளியே இருக்கும் மானிட்டர் என்றால் பாதி வேலை மிச்சம். சிலது 12, சிலது 14, சிலது 19 வோல்ட். லேபிளைப் படித்துவிட்டு அளங்கள். அளந்தால் சரியாகக் காட்டும், மானிட்டர் மினுக்கும். 12, 14 வோல்ட் அடாப்டர் என்றால் அதே 21 வாட் கார் பல்பைக் கட்டிப் பாருங்கள். சரிந்தால் அடாப்டரை மாற்றுங்கள். ஒட்டிய அடாப்டரை உடைத்துத் திறந்து சரிசெய்வது எனக்கு உடன்பாடில்லை, திரும்ப அதே பாதுகாப்போடு மூட முடியாது.

டப்பா மானிட்டர்

சிஆர்டி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு. சப்ளை பக்கம் டிக் டிக் என்றால் பெரும்பாலும் படத்தின் கிடைக்கோடுகளை ஓட்டும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அதற்குச் சப்ளை தரும் பி-பிளஸ் லைனைக் கழற்றி, அதற்குப் பதில் 60 வாட் குண்டு பல்பைப் பாரமாகக் கொடுத்தால், சப்ளை தனியாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஆன் செய்த உடனே ஃபியூஸ் போனால், திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் டிகாஸ் காயிலின் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், கறுப்புப் பெட்டி போன்ற பாசிஸ்டர் உடைந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். பிக்சர் டியூபின் மேல் ரப்பர் மூடிக்குக் கீழே 25,000 வோல்ட் வாக்கில் நின்றிருக்கும், அணைத்த பிறகும் தங்கும். டிவி வேலை பார்த்துப் பழகாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இந்த ஒன்றில் எனக்கு நகைச்சுவை வராது.

கெபாசிட்டர் வாங்குவதும் மாற்றுவதும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் "1000 எம்எஃப்டி 25 வோல்ட்" என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்துப் போடுவார்கள். 105 டிகிரி, லோ-இஎஸ்ஆர், எஸ்எம்பிஎஸ்-க்கு (இந்த மாதிரி ஸ்விட்சிங் சப்ளைக்கு) என்று சொல்லுங்கள். நிச்சிகான், ரூபிகான், பானாசோனிக் கிடைத்தால் நல்லது, ஆனால் புது உறை போட்ட பழையதும் அந்தப் பெயர்களில்தான் வரும். கால் சமமாக வெட்டியிருந்தாலோ, காலில் ஈயப்பூச்சு கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உறை தலையில் சுருக்கம் விழுந்திருந்தாலோ வேண்டாம்.

வோல்ட்டேஜ் கூடலாம், குறையக் கூடாது. எம்எஃப்டி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. உயரம் பாருங்கள், பின்னால் மெட்டல் ஷீட் வந்து அமுக்கும், உயரமானதைப் படுக்கவைத்துக் கட்ட வேண்டியிருக்கும். கழற்றும் முன் போர்டை போட்டோ எடுத்துவையுங்கள். மைனஸ் பக்கம் வெள்ளைப் பட்டை. ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் ஓட்டிய சில நிமிடத்தில் பட்டாசு வெடிக்கும், பஞ்சு பறக்கும்.

கெபாசிட்டரின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதெல்லாம் கசிவு அல்ல. ஃபேக்டரியில் ஆடாமல் இருக்க ஒட்டிய பசை அது. ஆனால் வயதாகிக் கறுத்து இறுகிய பசை கொஞ்சம் கரண்ட்டைக் கடத்தவும் பக்கத்துக் கால்களை அரிக்கவும் தொடங்கும், அதனால் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. பல்லியும் எறும்பும் முதல் பக்கத்தில்தான் போய்ச் சாகும், கதகதப்பாக இருப்பதால். பிரஷ் போட்டு, ஐசோபுரோப்பைலால் துடைத்துக் காயவிடுங்கள்.

25 வாட் அயர்னில் கிரவுண்டு கால் உருகாது, அமுக்கிப் பிடித்தால் போர்டின் செம்புப் பேட் பெயர்ந்துவிடும். 60 வாட்டில், பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயம் உருக்கி, அது பளபளவென்று ஓடும்போது ஆட்டி எடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு உடனே கவரை மூட வேண்டாம். சீரிஸ் பல்பில் ஒருமுறை, பிறகு நேரடியாக ஒருமுறை ஓட்டி, பிரைட்னஸ் 100-ல் இரண்டு மணி நேரம் விடுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுக்கப் போங்கள். மறுநாள் காலை, போர்டு முழுக்க ஆறியிருக்கும்போது பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள். இரண்டாவது அமுக்கு தேவைப்பட்டால் ஸ்க்ரூக்களை இன்னும் டப்பாவிலேயே வைத்திருங்கள்.